பழைய மதராஸ் போலீஸ் கட்டுகள்: வாசகர் கேள்வி பதில்

மதராஸ் நகரப் போலீஸின் பழைய ஆவணங்கள், புகைப்படங்கள் பற்றி வந்த கடிதங்களில் தேர்ந்தெடுத்த சில. எழுதுகிற பலரும் பெயரைக் கொடுத்து ‘தேடித் தாருங்கள்’ என்கிறார்கள். போலீஸ் கட்டுகளில் பெயரை வைத்துக்கொண்டு ஒன்றும் தேட முடியாது, எண் வேண்டும். அதனால் எண் பற்றிய கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டோம்.

பழைய பேப்பர் கடையில் ஒரு படம் கிடைத்தது. ஒரே ஆளின் நேர்முகமும் பக்கவாட்டு முகமும் சேர்த்து ஒட்டியிருக்கிறது. பின்பக்கம் பென்சிலில் ‘சி.ஆர். நம்பர் 312/47, யு/எஸ் 379 ஆர்/டபிள்யூ 75 ஐ.பி.சி., கே.டி.’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. இதை வைத்து அவர் யாரென்று கண்டுபிடிக்க முடியுமா?
— வாசகர், வியாசர்பாடி

பாதிதான் முடியும். 312/47 என்பது குற்ற எண். ஒரு ஸ்டேஷனில் 1947-ஆம் ஆண்டு பதிவான 312-ஆவது வழக்கு என்று பொருள். ‘யு/எஸ்’ என்றால் இந்தப் பிரிவின்கீழ், ‘ஆர்/டபிள்யூ’ என்றால் அதோடு சேர்த்து, ஐ.பி.சி. இந்தியத் தண்டனைச் சட்டம். 379 திருட்டு. கூடவே 75 சேர்ந்திருப்பதால், இவர் சொத்து சம்பந்தமான குற்றத்திலோ நாணயக் குற்றத்திலோ முன்பே தண்டனை பெற்றவர் என்று தெரிகிறது. பழைய தண்டனையைக் காட்டிக் கூடுதல் தண்டனை கேட்பதற்கான பிரிவு அது. கே.டி. என்பது ஸ்டேஷன் கண்காணிப்பில் வைத்திருந்த பழங்குற்றவாளிகளின் பட்டியல். ஆக இவர் பெயர் ஒரே வழக்கில் மட்டும் இருக்காது. முந்தைய தண்டனைப் பதிவு, கே.டி. பதிவேடு, சிறைப் பதிவேடு என்று மூன்று நான்கு இடங்களில் வந்திருக்கும்.

இல்லாமல் போனது ஸ்டேஷன் பெயர். குற்ற எண் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஜனவரியில் ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே 312/47 என்ற எண் நகரத்தில் பல ஸ்டேஷன்களில் இருந்திருக்கும். படத்தின் ஓரம், ஒட்டிய அட்டையின் மூலைகள், ரப்பர் ஸ்டாம்ப் இருந்த தடம் எல்லாவற்றையும் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். பி-1 வடக்குக் கடற்கரை, சி-1 பூக்கடை, டி-1 திருவல்லிக்கேணி, இ-1 மயிலாப்பூர், எஃப்-1 சிந்தாதிரிப்பேட்டை, ஜி-1 வேப்பேரி என்று நகர ஸ்டேஷன்களுக்குக் குறியீடு உண்டு. ஒரே ஓர் எழுத்து தெரிந்தாலும் தேடல் பெரிதும் சுருங்கும். ஸ்டேஷன் எல்லைகளைப் பலமுறை மாற்றி வரைந்திருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். இன்றைக்கு வியாசர்பாடி எந்த ஸ்டேஷனில் இருக்கிறது என்பது 1947-க்குப் பொருந்த வேண்டியதில்லை.

ஸ்டேஷன் தெரிந்துவிட்டால் அடுத்த கண்ணி கோர்ட் எண். மாஜிஸ்திரேட்டே விசாரித்து முடித்தால் சி.சி. எண். கொலை மாதிரி பெரிய வழக்கென்றால் முதலில் பி.ஆர்.சி. எண், செஷன்ஸுக்குப் போனபின் எஸ்.சி. எண். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் பி.டபிள்யூ. என்று அரசுத் தரப்புச் சாட்சிகளும், எக்ஸிபிட் பி என்று ஆவணங்களும், எம்.ஓ. என்று சான்றுப் பொருள்களும் வரிசையாக இருக்கும். கோர்ட்டில் தாக்கலான புகைப்படமானால் பொதுவாக எக்ஸிபிட் பி பட்டியலில் வரும். அந்தப் பட்டியலில் இல்லை என்றால் அது ஸ்டேஷன் உபயோகத்துக்கு எடுத்த படமாக இருக்கலாம்.

ஸ்கேன் செய்யும்போது முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் கட்டாயம் செய்யுங்கள். முகத்தை மட்டும் வெட்டிச் சேமிப்பது, இருந்த ஒரே துப்பையும் தொலைப்பதற்குச் சமம்.

வெளிநாட்டு நகரங்களில் போலீஸ் எடுத்த பழைய படங்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கின்றன. மதராஸில் ஏன் இவ்வளவு குறைவு? நம்மவர்கள் படமே எடுக்கவில்லையா?
— வாசகி, அண்ணா நகர்

எடுத்தார்கள். சட்டப்படியும் நிர்வாகப்படியும் கோர்ட் உத்தரவுப்படியும் அழித்தார்கள். நம் அலட்சியம்தான் காரணம் என்று எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் பார்ப்பதில்லை.

முதலாவது, 1920-இன் கைதிகள் அடையாளச் சட்டம். அதன் 3-ஆவது பிரிவுப்படி, ஓராண்டோ அதற்கு மேலோ கடுங்காவல் விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டனை பெற்றவரைப் படம் எடுக்கலாம். நன்னடத்தை ஜாமீன் எழுதிக் கொடுக்கும்படி உத்தரவானவரையும் எடுக்கலாம். வெறுமனே கைதானவரிடம் 4-ஆவது பிரிவுப்படி அளவுகள் மட்டும் எடுக்கலாம், விரல்ரேகையும் அதில் அடங்கும். படம் எடுக்க 5-ஆவது பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். இதற்கெல்லாம் மேலே 7-ஆவது பிரிவு. முன்பு அப்படிப்பட்ட தண்டனை எதுவும் பெறாதவர் வழக்கில்லாமலோ, விடுதலையாகியோ வெளியே வந்தால், அவருடைய படங்களையும் நெகட்டிவோடு சேர்த்து அழிக்க வேண்டும், அல்லது அவரிடமே கொடுத்துவிட வேண்டும். வேறுவிதமாகச் செய்ய வேண்டுமானால் காரணத்தை எழுதிவைத்து உத்தரவு போட வேண்டும். ஆகவே விடுதலையான முதல் குற்றவாளியின் படம் கட்டில் இல்லை என்றால், அங்கே சட்டம் ஒழுங்காக அமலாகியிருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2022-இல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி பதிவுகளை 75 ஆண்டு வைத்திருக்கலாம். வரலாற்று ஆய்வாளருக்கு மகிழ்ச்சி, படத்தில் இருப்பவருக்கு எப்படியோ.

இரண்டாவது, அலுவலகக் கோப்பின் ஆயுள். கோப்பை முடிக்கும்போது மேலே ஒரு முத்திரை விழும். ஆர்.டிஸ். என்றால் நிரந்தரம், டி.டிஸ். பத்தாண்டு, கே.டிஸ். மூன்றாண்டு, எல்.டிஸ். ஓராண்டு. குற்றம் நடந்த இடத்தின் படங்களை மேலிடத்துக்கு அனுப்பிய கடிதம் கே.டிஸ்.ஸில் முடிந்திருந்தால், படமும் அதோடு போயிற்று. பழைய கடிதத்தில் ‘இணைப்பு: படங்கள் 4’ என்று பார்த்துவிட்டு அந்தப் படங்களைத் தேடி அலைகிறவர்கள் முதலில் இந்த முத்திரையைப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, தீர்ப்பின் கடைசி வரி. ‘எம்.ஓ. 1 முதல் 9 வரை மேல்முறையீட்டுக் காலம் கழிந்தபின் அழிக்கப்படும்’ என்ற வாசகம் இல்லாத கொலை வழக்குத் தீர்ப்பு அபூர்வம். கத்தி, ரத்தம் படிந்த வேட்டி எல்லாம் அந்த வரியோடு சரி. புகைப்படம் பொதுவாக எம்.ஓ.வில் வராமல் எக்ஸிபிட்டில் வரும் என்பதால் கொஞ்சம் தப்பும். சில வழக்குகளில் பிரிண்டை எக்ஸிபிட்டாகவும் நெகட்டிவை எம்.ஓ.வாகவும் குறித்திருப்பார்கள். அங்கே பிரிண்ட் மிஞ்சும், நெகட்டிவ் மிஞ்சாது.

வெளிநாட்டு உதாரணத்துக்கு வருவோம். சிட்னியில் இருக்கும் போலீஸ் தடயப் படத்தொகுப்பில் சுமார் 1,30,000 நெகட்டிவ்கள். அவ்வளவும் திட்டம்போட்டுப் பாதுகாத்ததல்ல. வெள்ளம் புகுந்த கிடங்கிலிருந்து மீட்டு அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தவை. அங்கே நெகட்டிவ் ஏராளம், ஆனால் அவற்றோடு போன வழக்குக் காகிதம் பெரும்பாலும் இல்லை. நம் நிலைமை நேர் எதிர்: காகிதம் இருக்கிறது, படம் இல்லை. ஆராய்ச்சிக்கு எது மேல் என்று கேட்டால் எங்கள் ஓட்டு காகிதத்துக்குத்தான்.

அப்படியும் படம் வேண்டுமென்றால், குற்றப் புலனாய்வுத் துறையின் கெஜட்டுகளைப் பாருங்கள். தேடப்படுவோர் படங்களை அச்சிட்டு ஸ்டேஷன்களுக்கு அனுப்பினார்கள். அச்சுப் பிரதி என்பதால் முகம் புள்ளிபுள்ளியாக இருக்கும், ஆனால் பெயர், உயரம், தழும்பு, வழக்கு விவரம் எல்லாம் படத்தின் கீழேயே இருக்கும்.

எங்கள் தாத்தா 1942 ஆகஸ்டில் மதராஸில் கைதாகிச் சிறையில் இருந்தார். ஆதாரமும் அப்போது எடுத்த படமும் வேண்டும். எங்கே ஆரம்பிப்பது?
— வாசகர், புரசைவாக்கம்

முதலில் வீட்டிலேயே ஒரு விஷயத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். தாத்தா கோர்ட்டில் தண்டனை பெற்றவரா, விசாரணையில்லாமல் காவலில் வைக்கப்பட்டவரா? இரண்டுக்கும் பாதை வேறு வேறு.

தண்டனை பெற்றவரென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டின் சி.சி. எண்ணும் சிறையின் கைதிப் பதிவேடும் இருக்கும். காவலில் வைக்கப்பட்டவரென்றால் அது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்படி, பெரும்பாலும் 26 அல்லது 129-ஆவது விதியில் நடந்திருக்கும். 26-ஆவது விதி அரசாங்கத்தின் உத்தரவு. எனவே கோர்ட்டில் தேடி நாளை வீணாக்காமல் எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போங்கள். 1909-இல் மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸாக எழுந்த அதே செங்கல் கட்டிடம்தான்.

அங்கே கோப்புகள் துறைவாரியாக இருக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டுப் போலீஸ் விஷயம் ஜுடிஷியல் துறையில், பிற்காலத்தது ஹோம் துறையில், அரசியல் விவகாரம் பப்ளிக் துறையில். அண்டர் செகரட்டரியின் ரகசியக் கோப்புகள் என்று ஒரு தனி வரிசையும் உண்டு. 1942 போன்ற ஆண்டுக்கு அதை விடக்கூடாது. தலைமைச் செயலர் பதினைந்து நாளுக்கொரு முறை டெல்லிக்கு அனுப்பிய அறிக்கைகளில் எந்தத் தேதியில் எந்த இடத்தில் எத்தனை பேர் கைதானார்கள் என்ற சூழல் கிடைக்கும். பெயர் கிடைப்பது அரிது.

நடைமுறை இது. அடையாள அட்டை நகல், எதற்காகத் தேடுகிறீர்கள் என்ற விண்ணப்பம், கல்லூரியோ நிறுவனமோ தந்த அறிமுகக் கடிதம் ஆகியவற்றோடு அனுமதி வாங்குங்கள். அந்தந்த ஆண்டின் இண்டெக்ஸ் தொகுதியை எடுத்து, துறை, ஜி.ஓ. (அரசாணை) எண், தேதி மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் கோப்பு கேட்டுக் கொடுத்த சீட்டு திரும்பி வரும். ஜி.ஓ. எண்ணுக்குப் பின்னால் ‘எம்.எஸ்.’ போன்ற சிறிய குறி இருந்தால் அதையும் எழுதுங்கள், ஒரே எண்ணில் இரண்டு வகை உத்தரவு இருக்கக்கூடும். பேனாவைப் பையிலேயே விடுங்கள், பென்சில் போதும்.

பெயர் தேடும்போது இன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். கிருஷ்ணசாமி என்ற பெயரை ‘கே’யிலும் தேடுங்கள், ‘சி’யிலும் தேடுங்கள், ‘கிஸ்ட்னசாமி’ என்றும் தேடுங்கள். இனிஷியல் ஊரைக் குறிக்கிறதா அப்பா பெயரையா என்பதும் முக்கியம். ஜாதிப் பட்டத்தையே பெயராக எடுத்துக்கொண்டு ‘முதலியார்’, ‘நாயக்கர்’ என்ற எழுத்தில் இண்டெக்ஸ் செய்திருப்பார்கள்.

சிறை விஷயத்தில் பலரும் சறுக்குமிடம் ஒன்று. மதராஸில் கைதானவர் மதராஸ் ஜெயிலிலேயே இருந்தார் என்று நினைப்பது. வேலூர், திருச்சி, தஞ்சாவூர், பெல்லாரி அலிபுரம், கண்ணனூர், ராஜமுந்திரி என்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1953-இல் ராஜமுந்திரி ஆந்திராவுக்கும் பெல்லாரி மைசூருக்கும் போயின. 1956-இல் மலபார் கேரளாவுக்குப் போனது. அந்த ஜெயில்களின் பதிவேடுகளை அந்தந்த மாநிலத்தில்தான் கேட்க வேண்டும். மதராஸ் மத்தியச் சிறை 2006-இல் புழலுக்கு மாறியது, பழைய கட்டிடம் 2009-இல் இடிக்கப்பட்டது. எனவே சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிரே போய் விசாரிப்பதில் பயனில்லை.

படம் பற்றி: அதிகம் எதிர்பார்க்காதீர்கள். முந்தைய பதிலில் சொன்ன 1920 சட்டத்தையே காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். சிறைப் பதிவேட்டில் ‘அடையாளக் குறிகள்’ என்ற பத்தி இருக்கும். வலது கன்னத்தில் மச்சம், இடது முழங்காலில் தழும்பு என்று எழுதியிருப்பார்கள். பல குடும்பங்களுக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். மத்திய அரசின் தியாகி பென்ஷனுக்கு ஆறு மாதச் சிறை அடிப்படைத் தகுதி, பெண்களுக்கும் பட்டியல் ஜாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம். பேரன் பேத்திகளுக்கு அது கிடையாது. அதற்காகத்தான் ஆதாரம் தேடுகிறீர்கள் என்றால் அலைச்சலை மிச்சப்படுத்துங்கள்.

எழும்பூர் போலீஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால் பழைய வழக்குக் கட்டுகளைப் பார்க்கலாமா?
— வாசகர், ஆவடி

முடியாது. பழைய கமிஷனர் அலுவலகத்தில் 2021-இல் திறந்த அது காட்சிக்கூடம். சீருடை, ஆயுதம், கருவிகளை நேரில் பார்த்து, படத்தில் இருக்கும் பொருள்களை அடையாளம் காண நல்ல இடம்.

லட்சுமிகாந்தன் கொலை வழக்கின் மூலக் காகிதங்கள் எங்கே இருக்கும்? செங்கல்பட்டு கோர்ட்டில் தேடலாமா?
— கல்லூரி மாணவி, காஞ்சிபுரம்

வேண்டாம். 1944 நவம்பரில் வேப்பேரியில் பத்திரிகையாசிரியர் லட்சுமிகாந்தன் குத்தப்பட்ட சம்பவம் அது. மதராஸ் அன்று பிரசிடென்சி நகரம். நகர எல்லைக்குள் நடந்த கொலையை பிரசிடென்சி மாஜிஸ்திரேட் ஆரம்ப விசாரணை செய்து நேரே ஹைகோர்ட் செஷன்ஸுக்கு அனுப்புவார். ஜூரி வைத்து ஹைகோர்ட்டே விசாரிக்கும். மாவட்ட கோர்ட் இந்தப் பாதையில் வரவே வராது. நகரத்துப் பழைய கொலை வழக்குகளைத் தேடுகிற எல்லோருக்கும் இது பொருந்தும்.

இந்த வழக்கில் சினிமா நடிகர்கள் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் 1945-இல் தண்டனை பெற்றார்கள். விவகாரம் அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947-இல் விடுதலையானார்கள். பிரிவி கவுன்சிலுக்குப் போனதால் ஒரு லாபம் உண்டு. அங்கே போகும் வழக்கின் ஆவணங்களை அச்சடித்துப் புத்தகமாகக் கட்டுவது வழக்கம். கையெழுத்துப் பிரதி இங்கே செல்லரித்தாலும் அச்சுப் பிரதி லண்டன் நூலகங்களில் தேடக் கிடைக்கலாம். அதற்கு முன் சட்ட அறிக்கைத் தொகுதிகளைப் புரட்டுங்கள். இந்தியன் லா ரிப்போர்ட்ஸ் மதராஸ் வரிசையும், 1891-இலிருந்து வரும் மதராஸ் லா ஜர்னலும் பெரிய சட்டக் கல்லூரி நூலகங்களில் இருக்கும். வழக்கு எண், ஆண்டு, நீதிபதி பெயர் மூன்றையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு ஹைகோர்ட் ரெக்கார்ட் பிரிவுக்கு மனுப் போடுங்கள். ‘பாகவதர் வழக்கு’ என்று எழுதினால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள்.

தேதியில்லாத தெருப் படம் ஒன்றில் போலீஸ்காரர் நிற்கிறார். எந்தக் காலம் என்று எப்படிக் கணிப்பது?
— வாசகர், மயிலாப்பூர்

போலீஸ்காரரை விட்டுவிடுங்கள், சீருடை ஒரேயடியாக மாறாது. தெருவைப் பாருங்கள். டிராம் தண்டவாளமும் மேலே கம்பியும் இருந்தால் 1895-க்குப் பிந்தியது. டிராம் ஓடிக்கொண்டிருந்தால் 1953-க்குப் பிந்தியதல்ல. தண்டவாளம் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம், சேவை நின்றபின்னும் தண்டவாளம் கிடந்திருக்கலாம். பானையும் பாட்டிலும் அடுக்கிவைத்து எடுத்த மதுவிலக்கு ரெய்டு படமானால், நகரத்தில் மதுவிலக்கு வந்த 1948-க்குப் பிறகு. கார் நம்பர் ‘டி.என். 01’ என்று ஆரம்பித்தால் 1989-க்குப் பிறகு.

முன்பக்கத்தைவிடப் பின்பக்கமே நம்பகமானது. ‘மதராஸ் அரசு’ முத்திரை 1969 ஜனவரிக்கு முந்தியது என்று கொள்ளலாம், ஆனால் பழைய ரப்பர் ஸ்டாம்பைத் தேயும்வரை குத்துகிற பழக்கத்துக்காக இரண்டொரு வருஷம் விட்டுப் பிடியுங்கள். படத்தை ஒட்டிய மனுவில் கோர்ட் ஸ்டாம்ப் அணாவில் இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன்பாக இருக்க வேண்டும், இங்கேயும் அதே எச்சரிக்கை.

கண்ணாடி நெகட்டிவ்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சில ஒட்டிக்கொண்டன, சிலவற்றில் வெள்ளியாக மின்னுகிறது. துடைக்கலாமா?
— பழைய ஸ்டுடியோ ஒன்றின் உரிமையாளர், ராயபுரம்

துடைக்காதீர்கள். ஒரு பக்கம் பளபளவென்று வெறும் கண்ணாடி, மறுபக்கம் மங்கலாக ஜெலட்டின் பூச்சு. படம் அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. கண்ணாடிப் பக்கத்தை மட்டும், அதுவும் வாய்நீராவி படாமல், காய்ந்த மென்துணியால் துடைக்கலாம். பூச்சுப் பக்கம் தண்ணீர் பட்டால் ஜெலட்டின் ஊறி எழும்பும், அப்புறம் படமில்லை. பூஞ்சை பிடித்த இடத்தைத் தொட்டால் அப்படியே பெயர்ந்துவரும். வெள்ளி மினுக்கம், படத்தில் இருந்த வெள்ளி ஈரக்காற்றில் மேலே வந்து படிந்தது. ஓரத்திலிருந்து உள்ளே பரவும். ஸ்கேனுக்குப் பெரிய இடைஞ்சல் இல்லை.

ஒட்டிக்கொண்டவற்றை நெம்பாதீர்கள். தனியே எடுத்துவைத்து, காகிதப் பாதுகாப்பு நிபுணரிடம் கொடுங்கள். மற்றவற்றை அமிலமில்லாத காகிதத்தில் நான்கு பக்கமும் மடித்துச் சுற்றி, நீள விளிம்பில் நிறுத்தி வையுங்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பவை விரிசல்விடும். காலாண்டுத் தட்டு என்பது 3¼ × 4¼ அங்குலம், அரைத்தட்டு 4¾ × 6½, முழுத்தட்டு 6½ × 8½. அளவுவாரியாகப் பிரித்து வைத்தால் பெட்டிக்குள் ஆடாது. ரப்பர் பேண்ட், செல்லோ டேப், பிளாஸ்டிக் உறை, லாமினேஷன் நான்கும் கூடாது. நம் ஊர் ஈரத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் பூஞ்சை குடும்பம் நடத்தும்.

எண் எழுதிய பழைய உறைகளைத் தூக்கி எறியாதீர்கள். உறையில் இருக்கும் எண்ணைப் புதிய மடிப்பில் பென்சிலால் எழுதிய பிறகே தட்டை உள்ளே வையுங்கள், எழுதுவதைக் கடைசிக்குத் தள்ளினால் மாறிவிடும். பூச்சிலேயே எண் கீறியிருந்தால், கண்ணாடிப் பக்கமாகப் பார்க்கும்போது நேராகத் தெரிகிறதா, இடவலம் மாறித் தெரிகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்கேனை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். இல்லையென்றால் இடது கைத் தழும்பு வலது கைக்குப் போய்விடும்.

பெட்டியில் கண்ணாடிக்கு நடுவே பிலிம் நெகட்டிவும் இருந்து, வினிகர் வாடை அடித்தால் அது அசிடேட். உடனே பிரித்து வையுங்கள், அந்த ஆவி மற்றவற்றையும் கெடுக்கும். மஞ்சளாகிப் பிசுபிசுத்து, காரமான வாடை அடித்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அது கடுமையாகத் தீப்பிடிக்கும் பொருள். வெயில் படும் பரணில் வைக்காதீர்கள், ஸ்கேனரின் சூட்டிலும் வைக்காதீர்கள்.

குற்றப் பரம்பரைச் சட்டத்தில் பதிவான குடும்பங்களின் பதிவேட்டுப் பக்கங்கள் என்னிடம் படமாக உள்ளன. பெயர்களோடு இணையத்தில் போடலாமா?
— வாசகர், பெரம்பூர்

போடாதீர்கள். 1911 சட்டம் மதராஸ் மாகாணத்தில் 1947-இல் ரத்தானது. அந்தப் பதிவேட்டில் இருப்பவர்கள் குற்றம் செய்து பதிவானவர்கள் அல்லர், ஒரு சமூகத்தில் பிறந்ததற்காக விரல்ரேகை வைக்கவைக்கப்பட்டவர்கள். பேரப்பிள்ளைகள் அதே ஊரில் இருக்கிறார்கள். பத்தித் தலைப்புகள், படிவத்தின் அமைப்பு, எண்ணிக்கைகள் எல்லாவற்றையும் வெளியிடுங்கள், அவைதான் வரலாறு. பெயர், விரல்ரேகை, ஊர் மூன்றையும் மறையுங்கள். குடும்பத்தார் தேடி வந்தால் முழுப் பக்கத்தையும் அவர்களிடம் கொடுங்கள்.

1970-களின் எஃப்.ஐ.ஆர். நகல் ஆர்.டி.ஐ.யில் கிடைக்குமா? இணையத்தில் ஏன் இல்லை?
— வாசகி, தாம்பரம்

இணையத்தில் ஏற்ற வேண்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவு 2016-இல் வந்தது. பழையதற்கு அது உதவாது. ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(3) பிரிவுப்படி, 20 ஆண்டுக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலுக்குப் பெரும்பாலான விலக்குகள் பொருந்தாது. மனுவில் அந்தப் பிரிவையே எழுதுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்டேஷன், குற்ற எண், ஆண்டு, பிரிவு நான்கையும் கொடுங்கள். ‘சம்பந்தப்பட்ட எல்லா ஆவணங்களும்’ என்று கேட்டால் மறுப்பது சுலபம். ஆவணம் அழிக்கப்பட்டது என்று பதில் வரலாம். அப்போது எந்தத் தேதியில், எந்த உத்தரவின்படி அழித்தார்கள் என்று அழிப்புப் பதிவேட்டின் அந்தப் பக்க நகலைக் கேளுங்கள். ‘அழிந்தது’ என்று முதலில் பதில் வந்த கட்டு, பதிவேட்டைக் கேட்டபின் கிடைத்துவிடுவதும் உண்டு. 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். கோர்ட் வரை போன வழக்கானால் எஃப்.ஐ.ஆர். அங்கேயும் இருக்கும், கோர்ட்டில் நகல் மனுப் போடுவது பல சமயம் இதைவிடச் சீக்கிரம்.